அமெரிக்காவில் ஆட்டு முடிக்குக்கூட அரசு மானியம் தருகிறதாமே, இதைவிட வெட்டிச் செலவு உண்டா?

ஏதோ ஒரு காணொளியில் மோஹேர் (அங்கோரா ஆட்டின் முடி) மானியத்தைக் கிண்டல் செய்ததைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீண் செலவு என்று பேச்சு வந்தாலே இங்கே எல்லோரும் முதலில் இழுப்பது அங்கோரா ஆட்டைத்தான். நான் மேற்கு டெக்சஸில், சான் ஏஞ்சலோவில், பண்ணைக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். கொஞ்சம் சூடாகத்தான் பதில் வரும்.

1954-ல் தேசியக் கம்பளிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ராணுவ உடுப்புக்கு அப்போது கம்பளிதான். உலகப் போரும் கொரியப் போரும் பார்த்த பிறகு, வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டாம் என்று உள்ளூர் உற்பத்திக்கு ஊக்கத்தொகை. மோஹேரையும் கூடவே சேர்த்தார்கள். 1960-லேயே ராணுவத்துக்கு முக்கியமான பொருள்களின் பட்டியலிலிருந்து கம்பளி போய்விட்டது. மானியம் போகவில்லை. சரி, இதுவரை கிண்டல் நியாயம்தான்.

ஆனால் பெரிய கோளாறு கணக்கில் இருந்தது. ராக்ஸ்பிரிங்ஸ் பக்கம் பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், என் வாடிக்கையாளர், பழைய ரசீதுகளை மேசையில் பரப்பி எனக்குப் பாடமே எடுத்தார். அரசு ஓர் இலக்கு விலை வைக்கும். நாட்டின் சராசரி விலையை அங்கே கொண்டுபோக எத்தனை விழுக்காடு ஏற்ற வேண்டுமோ, அதே விழுக்காட்டை அவரவர் விற்ற தொகையின் மேல் போட்டுக் கொடுக்கும். சராசரி ஒரு டாலர், இலக்கு இரண்டு டாலர் என்று வையுங்கள்: நூறு விழுக்காடு. ஐம்பது சென்ட்டுக்கு விற்றவனுக்கு இன்னொரு ஐம்பது சென்ட். இரண்டு டாலருக்கு விற்றவனுக்கு இன்னும் இரண்டு டாலர்! தரம் உயரட்டும் என்று செய்த ஏற்பாடு, வசதியானவனுக்கே அதிகம் அள்ளிக் கொடுத்தது. "எனக்கும் நன்றாகவே வந்தது, மறைக்க என்ன இருக்கிறது" என்றார் பெரியவர்.

1993-ல் நாடாளுமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. 1994-க்கு முக்கால் பங்கு, 1995-க்குப் பாதி, அதோடு சரி. அங்கோரா ஆட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவை முடி வெட்ட வேண்டும், ஆள் கூலி உண்டு. வெட்டிய கையோடு குளிர்மழை பிடித்தால் மந்தையில் பாதி செத்துக் கிடக்கும். மானியம் இல்லாமல் இதைத் தாங்க முடியாது என்று பெரியவர் அங்கோராவை விற்றுவிட்டு, அப்போதுதான் நாட்டுக்குள் வரத் தொடங்கியிருந்த போயர் கறி ஆட்டுக்கு மாறினார். அந்தப் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் மாறினார்கள்.

2002 பண்ணைச் சட்டத்தில் மானியம் வேறு உருவத்தில் திரும்பி வந்தது உண்மை. அந்தச் சட்டம் அப்போது வைத்த விலை மோஹேருக்குப் பவுண்டுக்கு 4.20 டாலர், தரம் பிரித்த கம்பளிக்கு ஒரு டாலர், பிரிக்காததற்கு 40 சென்ட். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் கிடைக்கும், மேலே இருந்தால் ஒன்றும் கிடையாது. இதைவிட எத்தனையோ மடங்கு பணம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் போகிறது. சோளம் என்றால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை, அவ்வளவுதான்.

பண்ணைக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்று கருத்துப் பெட்டியில் யாராவது வருவார்கள். அவர்களுக்கு மானியம் வந்தாலும் வராவிட்டாலும் என் கட்டணம் ஒன்றுதான் ஐயா. மானியம் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.