பறக்கும் பூட்ஸ் மலிவு, பறக்கும் மருந்து கிராக்கி

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை நடத்தும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் வரும் மந்திரப் பொருள்களைப் பற்றியவை. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: ஆறு மாதமாக டிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிறவராக, இருக்கிறேன். 2014 விதிப்புத்தகத்தை வைத்து ஆடுகிறோம். பறக்கும் பூட்ஸ் ‘அன்காமன்’, அதாவது கொஞ்சம்தான் அரிது, என்று போட்டிருந்ததால் மூன்றாவது லெவலிலேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது எந்தப் பள்ளமும் எந்தப் பொறியும் அவரிடம் எடுபடவில்லை. தப்பு என்னுடையதா, புத்தகத்துடையதா?

பதில்: புத்தகத்துடையதுதான், ஆனால் திட்டு உங்களுக்குத்தான் விழும், டிஎம் வேலையே அப்படி. அந்த பூட்ஸை மாட்டிக்கொண்டால் மொத்தம் 4 மணி நேரம் பறக்கலாம், விட்டு விட்டும் பறக்கலாம், சும்மா வைத்திருந்தால் 12 மணி நேரத்துக்கு 2 மணி நேரம் வீதம் திரும்ப ஊறிவிடும். அதே புத்தகத்தில் பறக்கும் மருந்து என்று ஒன்று இருக்கிறது: ஒரு குப்பி, ஒரு மணி நேரம், குடித்தால் தீர்ந்தது. அது ‘வெரி ரேர்’, மிக மிக அரிது! அன்காமனுக்கு விலை 101 முதல் 500 பொற்காசு, வெரி ரேருக்கு 5,001 முதல் 50,000. குடித்துத் தீர்கிற சரக்குக்கு அதில் பாதி என்று வைத்தாலும் காலத்துக்கும் உழைக்கிற பூட்ஸைவிட ஒரு மடக்கு மருந்து பல மடங்கு விலை. இன்னொன்றும் பாருங்கள், +1 கவசம் ‘ரேர்’ (அன்காமனுக்கு அடுத்த படி), +1 கேடயம் ‘அன்காமன்’, ஆனால் ஒவ்வொன்றும் கூடுதலாகத் தருவது அதே ஒரு புள்ளிப் பாதுகாப்புதான்.

உலகத்தில் எத்தனை இருக்கிறது, எவ்வளவு பலம், எந்த லெவலில் கொடுக்கலாம், என்ன விலை, இந்த நாலையும் ஒரே லேபிளில் ஒட்டப் பார்த்ததால் வந்த வினை இது. நான் இப்போதெல்லாம் லேபிளைப் பார்ப்பதே இல்லை, விளக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு ‘இது பறக்குமா, தீருமா’ என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பட்டுத்தான் கற்றேன். ஒரு கயிற்றுப் பாலத்துக்காக இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைபடம் போட்டேன், என் மேசையில் பறக்கத் தெரிந்த ஆள் எதிர்க்கரைக்குப் பறந்துபோய்க் கயிற்றைக் கட்டிவிட்டு, ‘அப்புறம்?’ என்று கேட்டார்.

சரி, கொடுத்ததைப் பிடுங்காதீர்கள், சண்டைதான் வரும். அந்த பூட்ஸுக்கு அட்யூன்மென்ட், அதாவது பொருளோடு ஒரு பிணைப்பு, வேண்டும், ஒருவர் மூன்று பொருள்களோடு மட்டுமே அப்படிப் பிணைந்திருக்க முடியும். அவர் ஆசைப்படுகிற மாதிரி இன்னும் மூன்றைக் கண்ணில் காட்டுங்கள், எதைக் கழற்றுவது என்று அவரே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் விஸார்டு (மந்திரவாதி) வெரி ரேருக்கும் மேலான ‘லெஜண்டரி’ கைத்தடி ஒன்றைத் தானே செய்ய வேண்டும் என்கிறார். டிஎம் கணக்குப் போட்டு, 55 வருஷம் ஆகும் என்று சிரிக்கிறார். நிஜமா?

பதில்: சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, கணக்கு சரி. 2014 விதிப்படி லெஜண்டரி செய்ய 5 லட்சம் பொற்காசு செலவு, ஒரு நாளைக்கு 25 காசு அளவுக்குத்தான் வேலை நகரும், ஆக 20,000 நாள். தகுதியுள்ள நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் 13 வருஷத்துக்கு மேல். உங்கள் விஸார்டு எல்ஃப் இனத்தவராக இருந்தால் 750 வருஷ ஆயுசு, பொறுமையாகச் செய்யலாம், கூட இருக்கிற மனிதர்கள் பாவம். 2017இல் வந்த துணைப்புத்தகம் இதை 50 வாரம், 1 லட்சம் காசு என்று இறக்கியது, வாரத்துக்கு 5 வேலை நாள். 2024 புத்தகமும் 250 நாள், அதே 1 லட்சம்தான் சொல்கிறது. டிஎம்மிடம் இதைக் காட்டுங்கள்.

எனக்கு அந்த 2017 விதியில் பிடித்தது நாள் கணக்கு அல்ல, மூலப்பொருள். ரேர் பொருள் செய்வதென்றால் 9 முதல் 12 சவால் அளவுள்ள (எதிராளி எவ்வளவு வலியவர் என்பதைச் சொல்லும் எண்) ஒரு மிருகத்தையோ பூதத்தையோ தாண்டித்தான் அந்தச் சரக்கு கையில் கிடைக்க வேண்டும். தீப்பிடித்து எரியும் வாள் ஒன்று ரேர் பட்டியலில் இருக்கிறது. அதைச் செய்ய ‘டிராகன் ரத்தம் ரெண்டு சொட்டு’ என்று கேட்டால் ஆட்கள் கடைக்குப் போவார்கள். நெருப்பு அரக்கனின் உலைக்கரிதான் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், அவன் சவால் அளவு 9, அவனிடம் பேரம் பேசுவதா, திருடுவதா, மோதுவதா என்று மேசையே ரெண்டாகும், மூன்று செஷன் அதிலேயே ஓடும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் வேறு மாதிரி. சாதா வாளை +1 ஆக்க 1,000 பொற்காசு, 2 நாள், கூடவே செய்கிறவருடைய 80 அனுபவப் புள்ளி, லெவல் ஏறுவதே இந்தப் புள்ளியை வைத்துத்தான். தன் அனுபவத்தையே உருக்கி இரும்பில் ஊற்றுவது கேட்க அழகான யோசனைதான், ஆனால் எல்லாருக்கும் செய்து கொடுத்த புண்ணியவானே லெவலில் பின்தங்கி நிற்பார்.

கேள்வி: லெஜண்டரிக்கும் மேலான ‘ஆர்டிஃபாக்ட்’ செய்யலாமா?

பதில்: முடியாது. 2014 புத்தகத்தின் விலைப்பட்டியலே லெஜண்டரியோடு முடிந்துவிடுகிறது. 1976இலிருந்து இந்த ஆட்டத்தில் இருக்கிற ‘வெக்னாவின் கண்’ என்கிற ஆர்டிஃபாக்டைப் போட்டுக்கொள்ள உங்கள் கண் ஒன்றைப் பிடுங்க வேண்டும், அது போதாதா?

கேள்வி: எங்கள் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) காயம் ஆற்றும் மருந்துக் கடை போடப் போகிறாராம். ஒரு குப்பி செய்ய 25 காசு, ஒரு நாள். விற்பது 50. இப்படியே போனால் பணக்காரராகி ஆட்டத்தைக் கெடுத்துவிடுவாரே?

பதில்: தாராளமாகப் போடட்டும். 2014 புத்தகத்தில் சாதாக் கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளிக்காசு. 10 வெள்ளி ஒரு பொற்காசு. ஒரு குப்பி வாங்க 250 நாள் கூலி, சாப்பிடாமல் சேர்த்தால். ஊர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், வருகிறவர்கள் எல்லாம் உங்களைப் போன்ற சாகசக்காரர்களாகத்தான் இருப்பார்கள். கடன் சொல்லி நாலு குப்பி வாங்கிப்போகிறவர் நாளைக்கு டிராகன் குகைக்குள் போகிற ஆள் என்பதை மட்டும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.