குடத்தை நகர்த்தியவள்

அன்புள்ள அம்மா,

உங்கள் எழுத்தை மூன்று ஆண்டுகளாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது முதல்முறை. மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்குச் சொந்த ஊர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்கிறார்களே அங்கே, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் குடும்பத்தோடு சென்னைக்கு வர வேண்டும். இரண்டு பிள்ளைகள். ஒன்பது வயது, நான்கு வயது. வாடகைக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் முடியாது. பிள்ளைகள் தெருவில் விளையாட வேண்டும், அக்கம்பக்கம் தெரிந்த முகமாக இருக்க வேண்டும், மரம், கோயில், குளம் என்று ஊர் மாதிரி ஓர் இடம் வேண்டும். ஆனால் ஊரில் போல எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவர்கள் வேண்டாம். நம்மைப் போன்ற ஆட்கள் இருக்கும் பகுதியாக இருந்தால் நல்லது. வடசென்னைப் பக்கம் மட்டும் போய்விடாதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருப்பவர் நீங்கள். எந்தப் பகுதி என்று சொல்ல முடியுமா? நகரத்துக்குள் கிராமம் தேடுவதே பேராசையா?

செ.

அன்புள்ள செ.,

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் கிடைத்தது. கழுத்தில் சிவப்பு நகப்பூச்சில் மூன்று புள்ளிகள். மகள் தூக்கிப் போடச் சொன்னாள். போட மனம் வரவில்லை. துடைத்துக் கூடத்தில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். வீடு பார்த்துக் கொடுக்கத் தெருவுக்கு நாலு புரோக்கர் இருக்கிறார்கள்.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை எஸ்டேட்டில் என்றால் உங்களுக்கு வாய்த்தது சென்ட்ரல் - அரக்கோணம் ரயில் பாதை. எஸ்டேட்டுக்குப் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் கொரட்டூர், வில்லிவாக்கம். அந்தப் பக்கம் திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி தாண்டி திருநின்றவூர் வரைக்கும் பாருங்கள். மேற்கே போகப் போக வாடகை இறங்கும், ரயில் நேரம் ஏறும். கோயில் கேட்டீர்களே, திருமுல்லைவாயலில் மாசிலாமணீசுவரர் இருக்கிறார், சந்நிதியில் வெள்ளெருக்குத் தூண்களோடு. திருநின்றவூர், கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் ஊர். பன்னிரண்டாயிரத்துக்குள் வீடு தேடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான நாயனார் கிடைக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் விசாரிக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றோடு ஒன்று கோத்தவை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று தண்ணீருக்கு ஒரு வழி உண்டு. நாம் அந்த வழியில் வீடு கட்டி அதற்கு நகர் என்று பெயர் வைத்திருக்கிறோம். வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒரு சொட்டுகூட நிற்காது என்பார். தெருமுனை டீக்கடையில் கேளுங்கள், 2015 டிசம்பரில் வெள்ளம் எதுவரைக்கும் வந்தது என்று. சுவரில் கைவைத்தே காட்டுவார்கள்.

அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு, இதெல்லாம் உங்கள் அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள். 2017இல் போட்ட வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். பேசி ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று அதே சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. எல்லாரும் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறார்கள். மரத்தையும் குளத்தையும் பிள்ளைகள் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இனி திட்டப் போகிறேன்.

'நம்மைப் போன்ற ஆட்கள்.' யார் இந்த நாம்? கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களா? மணப்பாறைக்காரர்களா? நாலு வயதுப் பிள்ளையைத் தூங்கவைக்கப் படாதபாடு படுகிறவர்களா? அவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள், தேட வேண்டியதில்லை. நீங்கள் சொன்னது அவர்களை இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்காரர் வாசலில் நிறுத்திவைத்து 'நீங்க எந்த ஆளுங்க?' என்று கேட்கிறாரே, அதையே படித்தவர் கொஞ்சம் சட்டை போட்டுக் கேட்டால் 'நம்மைப் போன்ற ஆட்கள்' என்று வரும். ஞாயிற்றுக்கிழமை அலையும்போது பாருங்கள், டூலெட் பலகையில் 'வெஜ் ஒன்லி' என்று இருக்கும். அது இல்லாத வீட்டில் ஊர்ப்பெயர் கேட்பார்கள், பிறகு அப்பா பெயர், பிறகு குலதெய்வம். நீங்கள் யாராக இருந்தாலும் சரி, ஏதாவது ஒரு தெருவில் உங்களையும் தங்களைப் போன்ற ஆள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அன்றைக்கு ராத்திரி இந்தச் சொல்லை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

வடசென்னை வேண்டாம் என்ற உங்கள் நண்பர்கள் பேசின் பிரிட்ஜைத் தாண்டியது ரயிலில் மட்டும்தான் என்று பந்தயம் கட்டுகிறேன், அதுவும் ஜன்னலை இறக்கிவிட்டு. தம்பி, இந்த நகரம் முழுக்கவே விழுங்கப்பட்ட கிராமங்கள்தான். நுங்கம்பாக்கமும் வியாசர்பாடியும் திருவொற்றியூரும் 1708இல் ஒன்றாக வெள்ளைக்காரக் கும்பினி கைக்குப் போனவை. பெரம்பூர் 1742இல் போனது. அன்றைக்கு நுங்கம்பாக்கத்துக்கும் வியாசர்பாடிக்கும் நெல்லும் ஏரியும்தான் சொத்து. இன்றைக்கு உங்கள் பன்னிரண்டாயிரத்துக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு காரைத் தங்கவைக்கலாம். வடக்கே மில்லுக்கும் ரயில்வே ஒர்க்ஷாப்புக்கும் வந்தவர்கள் ஊரையே முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே சந்தில், ஆடி மாதக் கூழ், தெருவை அடைத்துப் பந்தல், சாவுக்கு ஊரே வாசலில். பின்னி மில்லை 1996இல் மூடிவிட்டார்கள், சந்துகள் மூடவில்லை. நகரத்தில் கிராமம் எங்கே என்று கேட்டுவிட்டு, அது மிச்சமிருக்கும் திசையை மட்டும் வேண்டாம் என்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், கல்யாணமான புதிதில் நானும் இதையே சொன்னவள்தான். 1991இல் வடசென்னை அயனாவரத்தில் ஒரு லைன் வீட்டில் குடிவைத்தார்கள். ஒரே வரிசையில் ஆறு போர்ஷன், நானூற்றைம்பது ரூபாய் வாடகை. 'இந்த இடமா?' என்று முதல் ராத்திரியே அழுதேன்.

சந்து முனையில் ஒரு அடிபம்பு. மெட்ரோ தண்ணீர் ராத்திரி மூன்று மணிக்கு வரும், அடித்தால்தான் ஏறும். பத்து மணிக்கே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வோம். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். எல்லாருடையதும் பச்சையும் சிவப்புமாக ஒரே மாதிரி இருக்கும் என்பதால் அடையாளம் போட்டுக்கொள்வது வழக்கம். எனக்கு மூன்று புள்ளி.

மூன்றாம் நம்பர் போர்ஷன் அக்கா ஒருநாள் பம்படியில் அத்தனை பேர் நடுவில் கேட்டாள். "ரெண்டு வருசம் ஆகப்போவுது, இன்னும் ஒண்ணும் விசேசம் இல்லியா?" உங்கள் வேலையைப் பாருங்கள் என்று கத்திவிட்டு, பாதித் தண்ணீரோடு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டரை வருடம். எதிரே வந்தால் அவள் சுவரைப் பார்ப்பாள், நான் வானத்தைப் பார்ப்பேன்.

ஆனால் வரிசை நகரும்போது ஆள் இல்லாத குடம் பின்னால் போய்விடும், அதுதான் பம்படிச் சட்டம். நான் தூங்கிப்போன ராத்திரிகள் எத்தனையோ. ஒருநாள்கூட என் குடம் பின்னால் போகவில்லை. ஒருமுறை முன்கூட்டியே விழிப்பு வந்து சந்துக்குள் நின்று பார்த்தேன். அக்கா தன் குடத்தைக் கையால் எடுத்து ஓரடி முன்னால் வைத்தாள். பிறகு என் மூன்று புள்ளிக் குடத்தைக் காலால் தள்ளி அதற்குப் பின்னால் நிறுத்தினாள். கையால் தொடவில்லை. அவ்வளவு ரோஷம்! மறுபடி நகர்ந்தது, மறுபடி கையால் ஒன்று, காலால் ஒன்று. நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மூக்கை நுழைக்காதவர்கள் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? விசேஷம் இல்லையா என்று கேட்ட வாயும் குடத்தைத் தள்ளிய காலும் ஒரே பெண்ணுடையது. எனக்கு வாயை வெட்டிவிட்டுக் காலை மட்டும் வைத்துக்கொள்ள ஆசை. உங்களுக்கும் அதுதான் ஆசை.

அந்த வரிசை திரும்ப வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என் குறுக்கு வலி அங்கே வாங்கியது. 2003இல் கடன் வாங்கித் தெற்கே ஒரு ஃபிளாட்டுக்கு வந்தபோது, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவதைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்து நாலு வீடு. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நீங்கள் தேடுகிற இடம் அதுதான் என்று சொல்லலாம். 2019 கோடை வரைக்கும் சொல்லியிருப்பேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு எங்கள் போர்வெல்லும் காற்றை இறைக்கத் தொடங்கிய பிறகு, லாரித் தண்ணீரைப் பங்குபோட வாட்ஸாப்பில் ஒரு குழு. எந்த வீட்டில் எத்தனை தலை, யார் வாஷிங் மெஷின் போட்டது என்று அங்கே கணக்கு ஓடியது. ஊரிலிருந்து என் அண்ணன் வந்து மூன்று நாள் தங்கியதை யாரோ குழுவில் எழுதினார்கள், '4பியில் விருந்தாளி' என்று. யார் என்று இன்றைக்கு வரை தெரியாது. பதினாறு வருடம் பக்கத்தில் இருந்து எனக்குப் பரிச்சயம் ஆகாத யாரோ.

அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அது வந்து நின்றது வில்லிவாக்கத்தில். டிவியில் மாலை போட்டு வரவேற்றார்கள். அயனாவரத்துக்கு அடுத்தாற்போல இருக்கும் ஊர். எனக்கு உடனே மூன்றாம் நம்பர் அக்கா ஞாபகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். லைன் வீடு இருந்த இடத்தில் கீழே கார் நிறுத்துகிற மாதிரி நாலு மாடி. அடிபம்பு கைப்பிடி இல்லாமல் நின்றது, அதில் யாரோ சைக்கிளைக் கட்டியிருந்தார்கள். அக்கா மகனோடு திருநின்றவூர்ப் பக்கம் குடிபோய் ஆறேழு வருடம் ஆகிறது என்று இஸ்திரிக்காரர் சொன்னார். "இங்க வாடகை கட்டுப்படியாவலம்மா." மேலே அந்த ரயில் பாதையை நான் அத்தனை தீர்மானமாகச் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். திருநின்றவூருக்கு இன்னும் போகவில்லை. போனால் முதலில் யார் பேசுவது?

பேராசையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் கடிதத்தை மறுபடி வாசித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பிள்ளைகளின் வயது இருக்கிறது, வாடகை இருக்கிறது, நண்பர்கள் சொன்னது இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. அவர் வேலைக்குப் போகிறவரா என்றுகூடத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் நேராக உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார். பிறகு வெளியே வந்து பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் பெண்ணிடம் ஏதாவது கேட்பார். கொஞ்சம் நேரமாகும். பைக்கில் உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடிக்காதீர்கள்.