நைட் ஷிப்டும் புரமோஷனும் – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

வயது 34. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, அமெரிக்க வாடிக்கையாளருக்கான சப்போர்ட் டீமில் லீட். மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை ஷிப்ட். தாம்பரத்திலிருந்து 5.15-க்குக் கிளம்பி 4.30-க்குத் திரும்புகிறேன். சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்தால் சனிக்கிழமையும் உண்டு, வாரம் 55 மணி நேரத்தைத் தொட்டுவிடும். மகளை ஸ்கூல் வேனில் ஏற்ற 7.30-க்கு எழுந்து, மறுபடி 9 முதல் 12 வரை தூங்குகிறேன். மனைவி வங்கியில் இருக்கிறாள். வாரநாட்களில் வாட்ஸாப்பில்தான் பேசிக்கொள்கிறோம். அம்மா எங்களோடு இருக்கிறார். சனிக்கிழமை காலை 9 மணிக்கு கிளவுட் சர்டிஃபிகேஷன் வகுப்பு.

ஏப்ரலில் மேனேஜர் ஆக்குவதாகச் சொல்கிறார்கள், ஷிப்ட் இதேதான். போன மாதச் செக்கப்பில் ஃபாஸ்டிங் சுகர் (வெறும் வயிற்றில்) 121, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 6.1. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. புரமோஷனை விட்டுவிடுவதா? தூக்கத்துக்கு மெலடோனின் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

புரமோஷனை விட வேண்டாம். ஆனால் இதே ஷிப்டோடு, முடிவுத் தேதி இல்லாமல் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ரிப்போர்ட்.

எச்.பி.ஏ.1.சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 வந்தால் நோய். ஃபாஸ்டிங்குக்கு அந்தக் கோடு 126. நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். ரத்தம் எப்போது கொடுத்தீர்கள்? பலர் ஷிப்ட் முடிந்து, தூங்காமல், ‘எப்படியும் வெறும் வயிறுதானே’ என்று ஏழு மணிக்கு லேபில் போய் நிற்கிறார்கள். கேன்டீனில் ஒரு மணிக்குச் சாப்பிட்டதிலிருந்து ஆறு மணி நேரம்தான் ஆகியிருக்கும், எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தூக்கமின்மையே சர்க்கரையை ஏற்றிவிடும் என்பது வேறு. இனி நன்றாகத் தூங்கி எழுந்து, மதியமானாலும் பரவாயில்லை, எதுவும் சாப்பிடாமல் கொடுங்கள். கூடவே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்.பி.ஏ.1.சி கூடுதலாகக் காட்டும். எச்.பி.ஏ.1.சி அளப்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை. அவற்றின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால் மூன்று மாதம் ஆவதற்கு முன் திரும்ப எடுத்துப் பயனில்லை.

இந்தக் கட்டத்திலிருந்து திரும்பலாம். சர்க்கரை நோய் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையை மையமாக வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போல் எல்லையில் இருந்தவர்களிடம் உணவு, நடை மாற்றங்கள் மட்டுமே நோயாக மாறும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறைத்தது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்த 7.30 மணி. ஐந்து மணிக்குப் படுத்து இரண்டரை மணி நேரத்தில் எழுந்தால், அதற்குப் பின் பகல் வெளிச்சத்தில் வருவது அரைத்தூக்கம். ஐந்து முதல் பன்னிரண்டரை வரை ஒரே தூக்கமாக இருக்க வேண்டும். வேன் ஏற்றுவதை மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுங்கள். சும்மா கொடுக்கக் கூடாது. பள்ளி விட்டு வருவதிலிருந்து நீங்கள் கிளம்பும் 5.15 வரை மகள் உங்கள் பொறுப்பு: டிபன், ஹோம்வொர்க், இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கி வைப்பது எல்லாம். காலை நேரத்தை முழுதாகச் சுமக்கிறவருக்கு மாலையில் கை காலியாக வேண்டும்.

ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்கள். பக்கவாட்டு இடுக்கில் வரும் வெளிச்சம்தான் எழுப்பும், அதனால் சட்டத்தைவிட இரு பக்கமும் அரையடி அகலமாக வாங்குங்கள். காலிங் பெல்லுக்குத் தனி சுவிட்ச் வைக்கலாம். குக்கர் விசில் ஆறரைக்கு வருமென்றால், அம்மாவிடம் பருப்பை முந்தின இரவே வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் அற்பமாகத் தெரியும். பகல்தூக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதான்.

விடுமுறை நாளில் இரவு பத்துக்கே படுத்து ஆறுக்கு எழுவது தவறு. உடம்புக்கு வாராவாரம் அமெரிக்கா போய்த் திரும்பியது போலாகிவிடும். சனி, ஞாயிறு இரவுகளில் இரண்டரைக்குப் படுத்துப் பத்துக்கு எழுங்கள். ஐந்து முதல் பத்து வரை ஏழு நாளும் தூக்கமென்றால் உடல்கடிகாரத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். எனவே சனிக்கிழமை 9 மணி வகுப்பு வேண்டாம். பதிவு செய்த வகுப்புகளை வாரத்தில் இரண்டு நாள், மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை பாருங்கள்.

காபி உள்ளே போய் ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி கஃபீன் உடம்பில் இருக்கும். உங்களுக்குக் கடைசிக் காபி இரவு பதினொன்றுக்கு. முக்கியச் சாப்பாடு எட்டரைக்குள். நள்ளிரவுக்குப் பின் இன்சுலின் மந்தமாகத்தான் வேலை செய்யும், அதே பிரியாணி இரவு ஒரு மணிக்குச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். பசித்தால் சுண்டல், அவித்த முட்டை, மோர். எட்டரைச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் அலுவலக வளாகத்தில் நடந்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது பைக் எடுக்காதீர்கள், கேப்தான். அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும்.

இனி வேலை. 55 மணி நேரம் என்பது சும்மா ஒரு எண் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்கில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல்.

இரண்டு வாரம் ஒரு தாளில் எழுதி வாருங்கள்: அமெரிக்காவில் ஒருவர் உண்மையிலேயே உங்களிடம் பேச வேண்டியிருந்தது எந்த மணிக்கு? நியூயார்க் காலை ஒன்பது, நமக்கு மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை மாலை 6.30, மற்ற மாதங்களில் 7.30. பல டீம்களில் முக்கியமான அழைப்புகள் எல்லாம் அதற்குப் பிந்தைய மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீதி இரவு, பதிவான புகார்களைத் தீர்க்கும் டிக்கெட் வேலை, அதை ஹேண்டோவர் குறிப்போடு வேறொருவர் பார்க்கலாம். உங்கள் தாளும் அப்படிச் சொன்னால், மதியம் 1.30 முதல் 10.30 வரையிலான ஷிப்டைக் கேளுங்கள். கோடையில் நான்கு மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்றும் அவர்களோடு சேர்ந்து கிடைக்கும். நள்ளிரவு அவசரங்களுக்கு ஐந்து லீட்களுக்குள் முறை வைத்தால் ஐந்து வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். இதில் இழப்பும் உண்டு: பன்னிரண்டேகாலுக்குக் கிளம்புவதால் மகளைக் காலையில் மட்டுமே பார்ப்பீர்கள். அதனால் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலையும் சேர்த்துக் கேளுங்கள்.

எப்போது கேட்பது? அப்ரைசல் மாதத்தில் கேட்டால் பேரமாகத் தெரியும். இப்போதே, அந்தத் தாளோடும் முறைப்பட்டியலோடும் போங்கள். ‘எனக்கு உடம்பு முடியவில்லை’ என்று தொடங்க வேண்டாம், ‘கவரேஜ் இப்படி இருந்தால் போதும்’ என்று தொடங்குங்கள். உடனே முடியாதென்றால், ‘மேனேஜர் ஆன பின் ஆறு மாதத்தில் ஷிப்ட் மாற்றம்’ என்று மெயிலில் வாங்குங்கள். வாய்மொழி உறுதியைக் கொடுத்தவர் வேறு புராஜெக்டுக்குப் போய்விடுவார்.

கேட்பதற்கு முன், வீட்டுக் கடன் இருந்தால் அதன் தவணையைப் பாருங்கள். நைட் ஷிப்ட் அலவன்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தவணை கட்டுகிறவர்கள் ஷிப்டை விடவே முடியாது, அதைக் கெரியர் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அலவன்ஸைக் கழித்துத் தவணை நிற்கிறதா? நிற்காவிட்டால் இந்த வருட போனஸைக் கடனின் அசலில் கட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். வங்கிகள் வழக்கமாகத் தவணையை அப்படியே விட்டுக் காலத்தைக் குறைப்பார்கள். உங்களுக்கு எது வேண்டுமோ அதை எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் மனைவிக்கு இது தெரிந்திருக்கும். பேச வாட்ஸாப்பைவிட நல்ல சாக்கு.

மெலடோனின்: இரவுப்பணி செய்தவர்களின் பகல்தூக்கத்தை ஆய்வுகளில் அது சராசரியாக 24 நிமிடம் கூட்டியது, அவ்வளவே. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். தூங்குவதற்காக மது கூடவே கூடாது, சீக்கிரம் தூங்கவைத்துப் பாதியில் எழுப்பிவிடும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, ஏழு மணி நேரம் தூங்கியும் அசதி இருக்கிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். இருந்தால், தூக்கத்தில் மூச்சைப் பதிவு செய்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி எடுக்க வேண்டும். அதற்கு மாத்திரை தீர்வில்லை.