கல்லூரி விளையாட்டு வீரர்களின் விளம்பர வருமானம்: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் மாணவர்கள் தங்கள் பெயர், படம், சாயலை வைத்துச் சம்பாதிக்க, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சங்கம் 2021 ஜூலை 1 முதல் வழிவிட்டது. எல்லாரும் என்.ஐ.எல். என்று சொல்வது இதைத்தான். வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் தந்தார். அந்த ஜூலையிலிருந்து கல்லூரியே வீரருக்கு நேரடியாகப் பணம் தரலாம். அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோரும், படிக்கும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்குப் பதில் கீழே.

சார், என் மகன் என்.சி.ஏ.ஏ.வின் உச்சப் பிரிவான டிவிஷன் 1 கல்லூரியில் டென்னிஸ் ஆடப் போகிறான். கல்லூரி 20.5 மில்லியன் டாலர் பங்கு பிரிக்கிறதாமே, அவனுக்கு எவ்வளவு வரும்?

அது 2025-26இல் ஒரு கல்லூரி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்து நேரடியாகத் தரக்கூடிய தொகையின் உச்சவரம்பு. அவ்வளவும் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஹார்வர்டு, யேல் போன்ற கல்லூரிகளின் ஐவி லீக் முழுவதுமே இந்தச் சமரசத்தில் சேரவில்லை. சேர்ந்த பெரிய கல்லூரிகள் பலவற்றில் சுமார் 75 சதவீதம் அமெரிக்கக் கால்பந்துக்கும், 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கும், 5 சதவீதம் பெண்கள் கூடைப்பந்துக்கும் போய்விடுகிறது. மிச்சத்தைத்தான் மற்ற எல்லா விளையாட்டுகளும் பங்கு போட வேண்டும். டென்னிஸ் பையனுக்கு இதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு ஆதாயம் உதவித்தொகையில்தான். முன்பு ஆண்கள் டென்னிஸ் அணி முழுவதற்கும் சேர்த்து 4.5 முழு உதவித்தொகை; பயிற்சியாளர் அதைத் துண்டு போட்டுக் கொடுப்பார். இப்போது சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 10 பேர் என்ற வரம்பு மட்டும் இருக்கிறது. 10 பேருக்கும் முழுத்தொகை தரலாம். ஆனால் புதிதாகக் கூட்டித் தரும் உதவித்தொகையில் 2.5 மில்லியன் வரை அதே உச்சவரம்புக்குள் கணக்காகும் என்பதால் பல இடங்களில் கை இறுகும். பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: கல்லூரி சமரசத்தில் சேர்ந்ததா, என் மகனுக்கு எத்தனை சதவீதம், அது ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா.

என் மகள் சென்னையிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போய் ஓடுகிறாள். நான்கு இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 3,000 டாலர் தருவதாக ஒரு ஷூ நிறுவனம் கேட்கிறது. செய்யலாமா?

அமெரிக்காவில் இருந்துகொண்டு செய்ய வேண்டாம் அம்மா. என்.சி.ஏ.ஏ. அனுமதி வேறு, விசா வேறு. எஃப்-1இல் பொதுவாகக் கல்லூரி வளாகத்துக்குள், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். காசு வாங்கிக்கொண்டு விடுதி அறையில் உட்கார்ந்து ஒரு பதிவு போட்டாலும் அது வேலை என்றே பார்க்கப்படும். பணத்துக்குப் பதில் ஷூ கொடுத்தாலும் அது கூலிதான். சிக்கினால் வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் அவள் பதிவை ரத்து செய்வார்கள். இன்று யார் கண்ணிலும் படாமல் போனாலும், பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அனுமதியில்லாத வேலை பார்த்தீர்களா என்ற கேள்வி காத்திருக்கும். 3,000 டாலருக்காக அந்தக் கேள்வியைச் சுமக்க வைக்காதீர்கள்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேலையை அமெரிக்காவுக்கு வெளியே முடிப்பது. கென்டக்கி கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷிப்வே, 2022இல் அணி பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கேதான் செய்தார். உங்கள் மகள் விடுமுறைக்குச் சென்னை வரும்போது படப்பிடிப்பு, பதிவேற்றம் எல்லாவற்றையும் இங்கேயே முடிக்கட்டும். வேலை நடக்கும் இடம் இந்தியா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை, படப்பிடிப்புத் தேதி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். இங்கே செய்த வேலைக்கு இந்திய வருமான வரி உண்டு. இங்கே எடுத்த படத்தை அங்கே போய் அவள் கையால் பதிவேற்றினால் இத்தனையும் வீண்.

இன்னொரு வழி, உழைப்பே இல்லாத உரிமத் தொகை: ஜெர்சியில் பெயர், வீடியோ கேமில் உருவம் போன்றவை. 2024இல் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் கல்லூரிக் கால்பந்து கேமுக்குச் சம்மதித்த வீரர்களுக்கு 600 டாலரும் ஒரு பிரதியும் கொடுத்தது. ஆனால் அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குள்ளேயே 'விளம்பர நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டும்' என்று ஒரு வரி ஒளிந்திருந்தால் அது வேலையாகிவிடும். உரிமத் தொகையில் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டு அதற்கான 1042-எஸ் படிவம் தருவார்கள். வெளிநாட்டவர் என்று உறுதி சொல்லும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்தால் வரி உடன்படிக்கைப்படி பிடித்தம் குறைய வாய்ப்புண்டு.

எந்த வழியானாலும் கையெழுத்துக்கு முன், கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.வுக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, குடியேற்ற வழக்கறிஞரிடமும் காட்டுங்கள்.

அண்ணா, நான் அமெரிக்கக் குடிமகள், நீச்சல் வீராங்கனை. போன வருடம் 11,000 டாலர் ரொக்கமும் 1,000 டாலர் மதிப்புள்ள நீச்சலுடைகளும் வந்தன. அப்பாவின் வரிக் கணக்கில் இருக்கிறேன். எனக்கும் வரி உண்டா?

உண்டு தங்கச்சி. நீச்சலுடையும் சந்தை விலையில் வருமானம்தான், ஆக 12,000. ஏஜென்ட் கமிஷன், படப்பிடிப்புச் செலவு என்று ரசீதோடு 2,000 கழிந்தால் நிகரம் 10,000. நிலையான கழிவு 2025க்கு 15,750 வரை இருப்பதால் கூட்டாட்சி வருமான வரி வராது. பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள், மாட்டுவதும் இங்கேதான். சுயதொழில் வரி தனி. நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே அது வரும். 10,000இல் 92.35 சதவீதம் 9,235, அதில் 15.3 சதவீதம் சுமார் 1,413 டாலர். பணம் தந்தவரிடமிருந்து 1099-என்இசி வருமானப் படிவம் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். மாநில வரியையும் பார்த்துக்கொள்.

கட்ட வேண்டியது 1,000 டாலரைத் தாண்டும் என்றால் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று தவணையாகக் கட்ட வேண்டும். முந்தைய வருடம் உனக்கு வரியே இல்லையென்றால் தவணை தவறியதற்கு அபராதம் இல்லை. எது வந்தாலும் நான்கில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிடு.

கல்வி உதவி வாங்குகிறாயா? அதற்கான கூட்டாட்சி விண்ணப்பமான ஃபாஃப்ஸாவில் மாணவரின் வருமானம் குறிப்பிட்ட விலக்குக்கு மேல் 50 சதவீதம் வரை கணக்காகும். இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்ப்பார்கள் என்பதால் அடி தாமதமாகத்தான் விழும்.

ஒப்பந்தத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை காலத்துக்கு என்பதை. புளோரிடா பல்கலைக்கழக வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, பின்னால் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் வாங்கும் சம்பளத்தில் வரிக்கு முன் 15 சதவீதத்தை 25 வருடங்களுக்குத் தருவதாகக் கையெழுத்திட்டார். மறுவருடமே நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. அது விளம்பர ஒப்பந்தமே அல்ல, எதிர்காலச் சம்பளத்தை அடகு வைக்கும் கடன். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'எல்லா ஊடகங்களிலும்' என்ற சொற்கள் ஒரே வரியில் வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். ஒப்பந்தம் முடிந்து 30 அல்லது 60 நாளில் படங்களை நீக்க வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

அடுத்து, போட்டி நிறுவனங்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை. 'விளையாட்டுப் பொருட்கள் எதற்கும்' என்று எழுதியிருந்தால் ஷூவுக்குக் கையெழுத்துப் போட்டவர் டென்னிஸ் மட்டை விளம்பரத்தையும் இழப்பார். 'ஓட்டக் காலணி மட்டும்' என்று சுருக்குங்கள். கல்லூரியின் சின்னம், சீருடை, மைதானம் படத்தில் வந்தால் கல்லூரியின் அனுமதி தனியாக வேண்டும். காயம் பட்டாலோ வேறு கல்லூரிக்கு மாறினாலோ மீதிப் பணம் என்னாகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பயிற்சியாளர் வாய்வார்த்தையாகச் சொன்னார், போதுமா?

போதாது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மேத்யூ ஸ்லூகா 2024இல் லாஸ் வேகாஸின் யு.என்.எல்.வி. பல்கலைக்கழக அணியை சீசன் நடுவே விட்டுப் போனது, உதவிப் பயிற்சியாளர் வாயால் சொன்னதாகக் கூறப்பட்ட 1,00,000 டாலர் வராததால்தான்.

என்.ஐ.எல். கோ என்பது என்ன?

டிவிஷன் 1 வீரர்கள், வெளியார் தரும் 600 டாலர் அல்லது அதற்கு மேலான ஒப்பந்தங்களைக் கையெழுத்தான 5 வேலை நாட்களுக்குள் பதிய வேண்டிய தளம். டிலாய்ட் நிறுவனம் நடத்துகிறது. உண்மையான வணிக நோக்கம் இருக்கிறதா, தொகை நியாயமானதா என்று பார்ப்பார்கள். எத்தனை பதிவு, எந்தத் தேதி, எந்தப் பொருள் என்று சொல்லாமல் 'பிற்காலப் பயன்பாட்டுக்கு' என்று உரிமையை மட்டும் வாங்கி வைக்கும் ஒப்பந்தங்கள் அடிபடுகின்றன. ஆகவே வேலைப் பட்டியலை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

பெரிய பெயர் இல்லாத வீரருக்கு யார் காசு தருவார்கள்?

உள்ளூர்க் கடைக்காரர்கள். நெப்ராஸ்கா வீரர் டிகோல்டெஸ்ட் கிராஃபோர்டு 2022இல் ஏசி பழுது பார்க்கும் உள்ளூர் நிறுவனத்துக்கு விளம்பரம் செய்தார்; பெயரே 'மிகக் குளிர்ந்தவர்' என்பதால் அழைத்தார்கள். டென்னிஸ், நீச்சல் பிள்ளைகளுக்கு இதைவிட நிச்சயமான வருமானம், தங்கள் பெயரில் கோடைப் பயிற்சி முகாம் நடத்துவது. கல்லூரிக் குளத்தையோ மைதானத்தையோ பயன்படுத்தினால் மற்றவர்கள் கட்டும் அதே வாடகையைக் கட்ட வேண்டும். எஃப்-1 பிள்ளைகளுக்கு இது ஆகாது.

மகள் இன்னும் உயர்நிலைப் பள்ளியில்தான். இப்போதே தொடங்கலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் பள்ளியின் பெயர், சின்னம், சீருடை வராதவரை செய்யலாம். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் விதியைப் படித்துவிட்டு, பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதி மீறினால் ஆடும் தகுதியே போகும்.