பழைய லேண்ட்ரோவர்: மலையகத்தார் கேள்விகளும் பதில்களும்

வெலிமடை: அண்ணே, உருளைக்கிழங்கு ஏற்றிய சீரிஸ் 2ஏ ஒன்று விலைக்கு வந்திருக்கு. முன்-பின் சக்கர இடைவெளி 88 அங்குலம். பொடியில், அதாவது வெளித்தகட்டில், ஒரு ஓட்டை இல்லை, பெயின்ட்டும் புதுசு. வாங்கலாமா?

பொடி அலுமினியக் கலவை தம்பி, அதில் ஓட்டை இல்லாதது பெரிய விஷயமில்லை. துரு தின்பது இரும்புச் செசியையும் (அடிச்சட்டம்) பல்க்ஹெட்டையும்தான் (எஞ்சினுக்கும் சீற்றுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர்). சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுபோய்க் கீழே படுத்துப் பாருங்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டம், பல்க்ஹெட்டைத் தாங்கும் பக்கக் கைகள், ஸ்பிரிங் கொழுவும் இடங்கள், முன் பம்பருக்குப் பின்னாலுள்ள செசி நுனிகள், இவ்வளவையும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அழுகியதில் சத்தம் அமுங்கும், ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விடும்.

செசி பெட்டி வடிவம். சேறு உள்ளே புகுந்து வடிகால் துளைகளை அடைத்தால் ஈரம் காயாது. நம்ம பக்க மூடுபனியில் அது காயவே காயாது. ஆகவே துரு உள்ளிருந்துதான் வெளியே வரும். அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். பிறகு உள்ளே விரிப்பைத் தூக்கி, கால் வைக்கும் தகடுகளையும் கதவுத் தூண்களின் அடியையும் பாருங்கள்.

ஒட்டுவதானால் அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, 2.5 முதல் 3 மி.மீ. தகட்டை நல்ல இரும்போடு சேர்த்து ஒட்டவேண்டும். ஓட்டையின் மேல் தகடு வைத்து மூடுகிற வெல்டிங் பாஸிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரைக் கழற்றுங்கள். 88-இல் பெற்றோல் டாங்க் வலது சீற்றுக்கு அடியில் இருக்கிறது, அதையும் இறக்கி வெளியே வையுங்கள். பொடியைத் திரும்பப் பூட்டும்போது அலுமினியமும் இரும்பும் தொடும் இடமெல்லாம் ரப்பர் பட்டியோ கட்டியான பெயின்ட்டோ இருக்கட்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கடைசியாகச் செசிக்குள் மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சுங்கள். பெயின்ட்டுக்குச் செலவழிப்பது இதெல்லாம் முடிந்த பிறகு.

பல்க்ஹெட் தகட்டிலுள்ள இலக்கம், செசியில் வெட்டிய இலக்கம், பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கம் மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

நானுஓயா: 2.25 பெற்றோல் எஞ்சின், செனித் கார்பரேட்டர். ஏற்றத்தில் இருமுகிறது, கறுப்புப் புகை. கொழும்பில் நன்றாக ஓடியதாம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடலோரத்தைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் இழுவை குறையும், கலவையும் கொஞ்சம் தடிக்கும். ஆனால் இருமலுக்கு உயரத்தைக் குறை சொல்லமுடியாது. முதலில் டெப்பட் (வால்வு இடைவெளி) 0.25 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ற் இடைவெளி 0.35 முதல் 0.40, பிளக் இடைவெளி 0.75 முதல் 0.80 என்று வைத்து, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைச் சரிபாருங்கள். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2. சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

அதன் பிறகும் இருமினால் செனித்தின் மேல் மூடி வளைந்திருக்கும். இந்தக் கார்பரேட்டரின் பழைய வியாதி அது. மூடி வளைந்தால் உள்ளே சீல் பிடிக்காமல் பெற்றோல் கட்டுப்பாடில்லாமல் இழுபடும். மூடியைக் கழற்றி, கண்ணாடித் துண்டின்மேல் நைசான எமரித் தாள் விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்து மட்டமாக்குங்கள். புது ஓ-ரிங், புது கஸ்கட் போட்டு ஸ்க்ரூக்களை மாறி மாறி, அளவாக இறுக்குங்கள். முறுக்கி இறுக்கினால் திரும்ப வளையும்.

அப்புத்தளை: ரேடியேட்டர் அடிக்கடி கொதிக்கிறது, மூடியை மாற்றினால் போதுமா?

மூடியும் முக்கியம். நுவரெலியா உயரத்தில் அழுத்தமில்லாத தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், தேய்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அதோடு ரேடியேட்டர் வரிகளில் அடைந்த மண்ணைப் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

கொத்மலை: ரம்பொடை இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டிரம் சூடானதும் அந்த ஈரம் ஆவியாகி, பெடலை மிதித்தாலும் அழுத்தம் போய்ச் சேராது. பழையதை முழுதாக வடித்து டொட் 4 நிரப்பி, காற்றை எடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மினரல் ஒயில் ஒரு சொட்டும் கலக்கக்கூடாது, ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

அடுத்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ. சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும்வரை திருப்பி, உரசாமல் சுழலுமளவு மட்டும் விடுங்கள். 88-இல் சக்கரத்துக்கு ஒரு அட்ஜஸ்டர். நீளமான 109 அங்குல வண்டியின் முன் சக்கரங்களில் இரண்டிரண்டு. ஒன்றை மறந்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஹப் சீல் ஒழுகி ஒயில் பட்ட ஷூவைப் பெற்றோலில் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

ஹாண்ட் பிரேக் பிடிப்பது சக்கரத்தையல்ல, கியர் பெட்டியிலிருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாப்டை. ஓடும்போது இழுத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹாப் ஷாப்ட் முறியலாம். இன்னொன்று: ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால், இரண்டு பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிப்ரன்ஷல் வழியாக ஹாண்ட் பிரேக் விட்டுப்போகும். சரிவில் கல் வைக்காமல் டயர் கழற்றவே கூடாது.

மஸ்கெலியா: முன் சக்கரம் திரும்பும் மூட்டிலுள்ள பந்திலிருந்து ஒயில் ஒழுகுகிறது. சீல் மாற்றியும் நிற்கவில்லை.

பந்தின் குரோம் குழிவிட்டிருக்கும். அந்தக் குழிகள் புது சீலையும் அறுத்துவிடும், பந்தை மாற்றுவதே வழி. உள்ளே அரை லீற்றரளவு ஈபி 90 கியர் ஒயில். அது வற்றினால் ஷாப்ட் மூட்டும் மேல் புஷ்ஷும் தேயும். கிரீஸ் அடைப்பது தற்காலிக வைத்தியம். முன் சக்கரத்தை ஷாப்டிலிருந்து பிரித்துவிடும் ப்ரீவீல் ஹப் பூட்டியவர்கள் வாரத்துக்கொரு முறையாவது அதை இணைத்துக் கொஞ்சத் தூரம் ஓடவேண்டும், அப்போதுதான் ஒயில் மேலே தெறிக்கும்.

பதுளை: நாலு சக்கரமும் இழுக்கப் போடும் மஞ்சள் கைப்பிடி அமுங்கியே இருக்கு, மேலே வரவில்லை.

பழுதில்லை. வண்டியை நிறுத்தி, சிவப்புக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து லோவில் போட்டு, திரும்ப ஹைக்குத் தள்ளுங்கள். மஞ்சள் தானாக எழும்பும்.

ஹட்டன்: ஜப்பான் டீசல் எஞ்சின் போட்டால் என்ன?

ஏற்றத்துக்கும் செலவுக்கும் அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 4.7:1 பல் விகிதமுள்ள டிப்ரன்ஷலில் வேகம் கூடாது, எஞ்சின் கத்தும். கூடிய இழுவையில் மெலிந்த பின் ஹாப் ஷாப்ட்தான் முதலில் போகும். போடுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தைப் புத்தகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய எஞ்சினை மட்டும் பழைய இரும்புக்காரனுக்கு விற்காதீர்கள்.

பொகவந்தலாவை: எங்கள் தோட்டத்துத் துரையின் லேண்ட்ரோவர் படம் தாத்தா பெட்டியில் இருக்கு. எந்த வருடத்து வண்டி?

பக்கவாட்டைப் பாருங்கள். இடுப்பில் வளைவில்லாமல் தட்டையாக இருந்தால் சீரிஸ் 1, 1948 முதல் 1958 வரை. அதிலும் ஹெட்லைட் முன் வலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் ஆரம்ப 80 அங்குல வண்டி. வளைவு இருந்து, ஹெட்லைட் நடுவில் என்றால் சீரிஸ் 2 அல்லது 2ஏ. ஹெட்லைட் இரண்டும் மட்கார்ட்டுக்குப் போயிருந்து முன் வலை கம்பியாலானது என்றால் கடைசிக்கால 2ஏ, பிளாஸ்டிக் என்றால் 1971-க்குப் பிந்திய சீரிஸ் 3.