முன்பின் தெரியாதவரோடு இணையத்தில் சேர்ந்து ஏதாவது படைத்ததுண்டா?

உண்டு. ஒரு தாலாட்டு. முழுசாக நாலு நிமிடம்கூட வராது.

பகலில் கணக்கு எழுதுவது பிழைப்பு, ராத்திரியில் புல்லாங்குழல். ஊரடங்கு சமயத்தில் முன்பின் தெரியாத மூன்று இசைக்காரர்களுக்கு, "சேர்ந்து ஏதாவது செய்யலாமா?" என்று எழுதிப் பார்த்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. அந்தக் கேள்விக்கு என்னதான் பதில் சொல்வது?

அப்புறம்தான் யூடியூபில் அந்தத் தாலாட்டு கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், தன் அம்மம்மா பாடியதைக் கைப்பேசியில் பதிந்து போட்டிருந்தார். பின்னால் கோழி கத்துகிறது. இந்த முறை ஒன்றே ஒன்று கேட்டேன்: "பாட்டி மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் குழல் வாசித்து அனுப்பட்டுமா?" அன்று ராத்திரியே பதில் வந்தது: "ஓம், வாசிச்சு அனுப்புங்கோ. அம்மம்மாவும் கேக்கோணுமாம்."

சாதாரண இணைய அழைப்பில் நேரடியாகச் சேர்ந்து வாசிப்பது கடினம். ஒலி போய்ச் சேர 30 மில்லிசெகண்டுக்கு மேல் ஆனாலே தாளம் வழுக்க ஆரம்பித்துவிடும். 2010இல் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 12 நாடுகளிலிருந்து 185 குரல்களைச் சேர்த்து இணையச் சேர்ந்திசை ஒன்றை வெளியிட்டாரே, அதிலும் அவரவர் வீட்டில் தனித்தனியாகப் பாடிப் பதிந்ததைத்தான் ஒட்டினார்கள். ஆனால் அவர்கள் பார்த்துப் பாட, அவர் கையசைத்து நடத்திய காணொளி இருந்தது. பாட்டிக்குத் தொட்டில்தான் தாளம். பிள்ளை கண்ணயர அயர வேகம் குறைகிறது. சீராகத் தட்டித் தாளம் காட்டும் எந்த மெட்ரோனோமும் அதற்கு ஒத்துவரவில்லை. கடைசியில் அதை ஓரமாக வைத்துவிட்டு, பாட்டு மனப்பாடம் ஆகும்வரை கேட்டேன்.

சுருதி அதைவிடப் பெரிய தலைவலி. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில் சொல்வோம்; பாட்டி நாலரைக் கட்டைக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறார். குழலோ கட்டைக்கு ஒன்று. கணினியில் குரலை லேசாக ஏற்றிப் பார்த்தேன், வேறு யாரோ பாடுவதுபோல் இருந்தது. ஆகவே நான்தான் இறங்கி வந்தேன்: ஐந்து கட்டைக் குழலை உதட்டில் உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் தாழ்த்தி. தாடை வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது, பதினோராவது முறை சேர்ந்துகொண்டது.

அனுப்பும்போது, "நடுவில் வந்த இருமலை வெட்டிவிட்டேன்" என்று பெருமையாக எழுதினேன். உடனே பேத்தி அழைத்தார், அன்றுதான் அவர் குரலையே கேட்டேன். "ஐயோ, இருமலை வெட்டாதேங்கோ. அம்மம்மா எண்டாலே அதுதானே!"

திரும்ப ஒட்டினேன். இப்போது அந்தப் பதிவில் பாட்டி இருமி முடித்த பிறகுதான் குழல் உள்ளே வருகிறது.