கராஜ் வாசலில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணன், மோட்டார் சைக்கிள் பந்தய உலகத் தொடரான மோட்டோ ஜீபீயின் 2020 சம்பியன் ஜோன் மிர் வென்றது ஒரேயொரு போட்டி. கொரோனாவால் நடந்ததும் 14 போட்டிதான். முந்தின வருடச் சம்பியன் மார்க் மார்க்கெஸும் இல்லை. இதை எப்படி முழுச் சம்பியன் பட்டம் என்பது? இதனால் நண்பர்களுக்குள் பெரிய சண்டை.
- ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: முழுப் பட்டம்தான் தம்பி. நான் சொன்னதாகவே நண்பர்களிடம் சொல்லுங்கள்.

1949இல் இந்தத் தொடர் தொடங்கியபோது தலைப்பிரிவான 500 சிசியில் நடந்ததே 6 போட்டி. அதில் இரண்டை வென்ற லெஸ்லி கிரஹாமை யாரும் அரைச் சம்பியன் என்பதில்லை.

மார்க்கெஸை வீழ்த்தியது கொரோனா இல்லை, ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயப் பாதை. ஜூலை 19, முதல் போட்டி. கையெல்லாம் கிறீஸ், கராஜ்ப் பொடியன் கைபேசியைப் பிடித்துக் காட்டத்தான் பார்த்தேன். தடம் விலகி 16ஆம் இடத்துக்குப் போனவர், ஒவ்வொருவராகப் பிடித்து 3ஆம் இடம்வரை வந்து விழுந்தார். வலது மேற்கை எலும்பு முறிந்தது. விழுவதும் இந்த விளையாட்டுக்குள் உள்ளதுதான்.

அந்த வருடம் ஊரடங்கு எடுத்ததும் கல்லடியில் என் கராஜ் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பற்றரி இறங்கி, காபரேட்டர் ஜெட்டில் காய்ந்த பெற்றோல் பிசினாகப் பிடித்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்திக் குத்தி எடுத்தேன். ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது சுகம், நின்றதை ஓட்டுவதுதான் பாடு. மோட்டோ ஜீபீ ஓட்டுநர்களும் மாதக்கணக்கில் நின்றுவிட்டு, 18 வாரத்துக்குள் 14 போட்டி ஓடினார்கள். 5 பாதைகளில் இரண்டிரண்டு தடவை. பாதை சைக்கிளுக்கு ஒத்துவராவிட்டால் அடுத்த கிழமையும் அதே பாதை. அடிபட்டவனுக்கு ஆறவும் நேரமில்லை.

மிர் முதல் மூன்றில் இரண்டை முடிக்கவேயில்லை. பிறகு 7 தடவை முதல் மூன்று இடத்துக்குள் வந்தார். 9 பேர் மாறி மாறி வென்ற வருடத்தில் அப்படி நிலைத்து ஓடுவது லேசா? மூன்று போட்டி வென்று இரண்டாமிடம் வந்த மொர்பிடெல்லிக்கு 158 புள்ளி, மிர்ருக்கு 171. புள்ளிக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். 2000க்குப் பிறகு, மிர் ஓட்டிய சுசுகிக்கு அந்தப் பட்டம் அதுதான்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 14ம் ஐரோப்பாவிலேயே நடந்தன. உலகத் தொடர் என்ற பேருக்கு அது குறைதான். ஆனால் அந்தக் குறை மிர்ருடையது இல்லை.

கேள்வி: அப்படியென்றால் அதே வருடம் போர்முலா வன்னில் லூயிஸ் ஹமில்டன் எடுத்த 7ஆவது பட்டம்?
- ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: அதுவும் முழுப் பட்டம்தான். 2002இல் சம்பியனான மைக்கல் ஷூமாக்கர் 17 போட்டியில் 11 வென்றார். 2020இல் நடந்ததும் 17, ஹமில்டன் வென்றதும் 11. அதிலும் கொரோனா தொற்றி ஒரு போட்டியை விட்டவர் அவர், தங்கச்சி.